புலி எத்தனை முறை வரும்?

ஸ்லாட் விளையாட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். காடு அழகாக இருக்கிறதா, புலி உறுமுகிறதா, பரிசு விழுந்தால் காசு மழை கொட்டுகிறதா? ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் பெங்களூரில் செய்த வேலையில் படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்போம். முதலில் மேசைக்கு வருவது ஒரு கணக்குத் தாள். எந்த ரீலில் எந்தப் படம் எத்தனை இடத்தில் இருக்கிறது, எது சேர்ந்தால் எவ்வளவு கொடுக்கும், எல்லாம் அதில் இருக்கும். ‘பார் ஷீட்’ என்போம். மதுரையில் புள்ளியியல் படித்துவிட்டுப் போன எனக்குக் கிடைத்த வேலை, அந்தத் தாளில் எழுதியிருப்பதும் கணினி நிரல் செய்வதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது. விளையாட்டுகள் எல்லாம் வெளிநாட்டுச் சந்தைக்கு, பெரும்பாலும் பிரிட்டனுக்குப் போகிறவை.

விளையாடுகிறவர் கைக்கு அந்தத் தாள் வராது. அதனால் ஒன்றை நாமே எழுதிப் பார்ப்போம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்ததும் இப்படித்தான்.

மூன்று ரீல்கள். ஒவ்வொன்றிலும் 20 இடங்கள். ஒரு புலி, இரண்டு யானை, மூன்று கிளி, நான்கு குரங்கு, மீதி 10 இடத்திலும் வெறும் இலை. நடுக்கோட்டில் ஒரே படம் மூன்று சேர்ந்தால் பரிசு. ஒரு சுற்றுக்கு 10 ரூபாய். மூன்று புலிக்கு ஆயிரம் மடங்கு, அதாவது 10,000 ரூபாய். மூன்று யானைக்கு 1,500, கிளிக்கு 400, குரங்குக்கு 200, இலைக்கு 30.

இருபதை மூன்று முறை பெருக்கினால் 8,000. இந்த விளையாட்டில் நடக்கக்கூடியவை மொத்தமே இந்த 8,000 சேர்க்கைகள்தான். அதில் மூன்று புலி சேர்வது ஒரே ஒரு முறை. யானை 8, கிளி 27, குரங்கு 64, இலை 1,000. ஒவ்வொன்றும் ஒருமுறை வருவதாக வைத்தால், விளையாடியவர் போட்டது 80,000 ரூபாய். திரும்பி வருவது 75,600. நூற்றுக்கு 94 ரூபாய் 50 காசு.

இதைத்தான் ஆர்.டி.பி. என்று போடுகிறார்கள், திரும்பத் தரும் விகிதம். சிக்கலான விளையாட்டென்றால் கோடிக்கணக்கான சுற்றுகளைக் கணினியில் ஓட்டித்தான் இந்த எண்ணை நெருங்க முடியும். எளிய விளையாட்டில் எல்லாச் சேர்க்கைகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிவிடலாம். சோதிக்கிறவருக்கு எளிமை பெரிய வரம்.

போன பொங்கலுக்கு விருதுநகருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் தன் போனில் இதே மாதிரி ஒரு காட்டு விளையாட்டைக் காட்டினான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

“சித்தி, நீங்க இதத்தான டெஸ்ட் பண்ணுனீங்க? நூத்துக்குத் தொண்ணூத்தாறு திருப்பித் தர்றான்னு போட்டிருக்கு பாருங்க. அப்ப நாலு ரூபாதான போகும்?”

படித்தவர்கள் பலரும் இந்தக் கணக்கில் வழுக்குகிறார்கள். நூறு போட்டால் நான்கு போகும், பொழுதுபோக்குக்கு அவ்வளவு கொடுக்கலாமே என்று நினைப்பது இயல்பு. அந்த விகிதம் ஒவ்வொரு சுற்றுக்கும் உரியது. கணக்கில் போட்ட பணத்துக்கு உரியது என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நடக்கிறது. 500 ரூபாய் போட்டவர் 50 சுற்று சுற்றிவிட்டு எழுந்து போவதில்லை. திரும்பி வந்ததை மறுபடி சுற்றுகிறார். நம் விளையாட்டில் சராசரியாக 500 ரூபாய் 472 ஆகும், அதைச் சுற்றினால் 446. இப்படிக் கையில் இருப்பதை முழுதுமாகப் பத்து முறை ஓட்டினால் மிஞ்சுவது 284 ரூபாய். விகிதம் கடைசி வரை 94.5தான். கையில் பாதியைவிடக் கொஞ்சம் கூட.

இதுகூடச் சராசரிதான். அந்த 94.5 எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இலை தருவது 37.5. குரங்கு 16, கிளி 13.5, யானை 15. மீதி 12.5 முழுக்க அந்த ஒற்றைப் புலிக்குள் இருக்கிறது. 8,000 சுற்றுக்கு ஒருமுறை வருகிற புலி. வராதவருக்கு இந்த விளையாட்டு 82 சதவீத விளையாட்டு. யானையும் வராவிட்டால் 67.

ஒருவர் ஆறு விநாடிக்கு ஒன்று வீதம் ஒரு மணி நேரம் சுற்றினால் 600 சுற்று, 6,000 ரூபாய் ஓட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் நூறு பேரில் 93 பேர் மூன்று புலியைப் பார்க்க மாட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் புலியையும் பார்க்க மாட்டார்கள், யானையையும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பாதிப் பேருக்குச் சராசரி நஷ்டம் 2,000 ரூபாயை ஒட்டி வரும். அறிவித்த விகிதப்படி போக வேண்டியது 330 ரூபாய். இரண்டு எண்ணும் ஒரே தாளில் இருப்பவை. அச்சிட்டுக் காட்டுவது ஒன்றைத்தான்.

நிஜ உதாரணம் வேண்டுமானால் ‘மெகா மூலா’ இருக்கிறது. மைக்ரோகேமிங் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆப்பிரிக்க விலங்கு விளையாட்டு. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை. உலகின் பல தளங்களில் விளையாடுகிறவர்களின் பணத்திலிருந்து துளித்துளியாகச் சேர்ந்து வளரும் பெரும்பரிசு அதன் உயிர். 2015 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் படைவீரருக்கு 1 கோடியே 32 லட்சம் பவுண்டு விழுந்து, கின்னஸ் பதிவில் ஏறியது. அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் கோடிப் பேர். பெரும்பரிசை ஒதுக்கிவிட்டால் அதன் திரும்பத் தரும் விகிதம் சுமார் 88 என்பதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் படைவீரருக்குப் போன பணம் எல்லா விளையாட்டாளர்களின் விகிதத்திலும் சேர்த்துத்தான் கணக்கு.

சரி, புலி 8,000-ல் ஒருமுறைதான் சேரும் என்றால் ஏன் ஆட்கள் சலித்துப் போய் எழுவதில்லை?

திரையை மறுபடி பாருங்கள். நடுக்கோடு மட்டும் தெரிவதில்லை. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. ஒவ்வொரு ரீலிலும் மூன்று படம் கண்ணில் படுகிறது. ஆகவே ஒரு ரீலில் புலி எங்காவது தெரிவதற்கான வாய்ப்பு இருபதில் மூன்று. மூன்று ரீலையும் சேர்த்தால், நூறு சுற்றில் ஏறத்தாழ 39 சுற்றில் குறைந்தது ஒரு புலியாவது திரையில் நிற்கும். ஆறு சுற்றில் இரண்டு புலி. சுமார் 300 சுற்றுக்கு ஒருமுறை மூன்று புலியுமே திரையில் இருக்கும், மேலும் கீழுமாக. சேர வேண்டிய கோட்டில் மட்டும் சேராது. பத்து நிமிடத்தில் நாற்பது தடவை புலியைப் பார்த்தவரிடம் புலி அரிது என்று சொன்னால் நம்புவாரா? இதில் திருட்டு எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். நேர்மையாகச் செய்த, சோதனையில் தேறுகிற விளையாட்டிலேயே இப்படி.

இந்த ‘மயிரிழையில் தப்பியது’ உணர்வை ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்லாட் போன்ற விளையாட்டை ஆடியவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மயிரிழையில் தவறும்போது, ஜெயிக்கும்போது வேலை செய்கிற மூளைப்பகுதிகள் சில வேலை செய்தன. அது பிடிக்கவில்லை என்றே ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனால் இன்னும் ஆட வேண்டும் என்ற எண்ணம் கூடியது.

பழைய இரும்பு இயந்திரத்தில் இதற்கொரு எல்லை இருந்தது. பவேரியாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் 1890களில் செய்த ‘லிபர்ட்டி பெல்’தான் மூன்று ரீல் இயந்திரங்களுக்கு முன்னோடி. ரீலுக்குப் பத்து இடம், மொத்தம் ஆயிரம் சேர்க்கை. பெரிய பரிசு 50 சென்ட். ரீல் இரும்பில் இருந்ததால் அதில் அடுக்கக்கூடிய படங்களுக்கும் அளவு இருந்தது, ஆகவே பரிசுக்கும் அளவு இருந்தது. 1984-ல் டெல்னாஸ் என்ற கணிதவியலாளர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். கணினி ஒரு தற்செயல் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். எந்த எண் வந்தால் ரீல் எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சொல்லும். கண்ணுக்குத் தெரிகிற ரீலில் 20 இடம்தான் இருந்தாலும் உள்ளே 64 எண், 128 எண் என்று வைத்துக்கொள்ளலாம். புலிக்கு ஓர் எண், இலைக்கு நிறைய எண். ரீலை உற்றுப் பார்த்து வாய்ப்பைக் கணிப்பது அன்றோடு முடிந்தது. ஆன்லைன் ஸ்லாட்டில் ரீல் என்பதே வரைந்த படம்.

பட்டனைத் தொட்டதும் எண் விழுந்துவிடும். அதற்குப் பிறகு திரையில் ஓடுவது நமக்குக் காட்டும் காட்சி. ரீல் ஓடும்போது தட்டி நிறுத்துகிறவர்கள், சரியான நேரத்தில் தட்டினால் புலி நிற்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரொம்ப நேரமாக விழவில்லை, இனி விழும் என்று காத்திருக்கிறவர்கள் அதைவிட அதிகம். விளையாட்டுக்கு ஞாபகம் கிடையாது. 7,999 சுற்று வெறுமையாகப் போயிருந்தாலும் அடுத்த சுற்றில் புலியின் வாய்ப்பு அதே 8,000-ல் ஒன்று. எண்ணைத் தரும் நிரல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஜி.எல்.ஐ., பி.எம்.எம்., ஈகோக்ரா போன்ற சோதனை நிலையங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கில் எண்களை எடுத்து, கை-வர்க்கச் சோதனை முதல் ஜார்ஜ் மார்சாக்லியா 1995-ல் வெளியிட்ட ‘டைஹார்டு’ சோதனைகள் வரை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த வேலையின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றைத்தான்: எண்கள் தற்செயலாக விழுகின்றன, தாளில் எழுதிய விகிதப்படி விழுகின்றன. அந்த விகிதம் உங்களுக்கு நல்லதா என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது. ஒரே விளையாட்டு 96, 94, 92 என்று பல விகிதங்களில் தயாராகி, எதை ஓட்டுவது என்று தளத்துக்காரர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழக்கமும் இந்தத் தொழிலில் இருக்கிறது. படம் ஒன்று, இசை ஒன்று, விகிதம் வேறு.

மூன்று ரீல், ஒரு கோடு என்பதிலிருந்து ஐந்து ரீல், இருபது கோடு என்று போனால் இன்னொரு வித்தை சேர்ந்துகொள்ளும். கோட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் 20 ரூபாய் பந்தயம். ஒரு கோட்டில் 6 ரூபாய் விழுகிறது. குரங்குகள் துள்ளிக் குதிக்கும், மேளம் கொட்டும், திரையில் ‘வெற்றி’ என்று எழுத்து மின்னும். கையிலிருந்து போனது 14 ரூபாய். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கெவின் ஹாரிகன், மைக் டிக்சன் குழுவினர் இதை ‘வெற்றி வேடமிட்ட தோல்வி’ என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வேடத்துக்கு உடம்பும் ஏமாறுகிறது. வியர்வைச் சுரப்பிகள் காட்டும் கிளர்ச்சி நிஜ வெற்றிக்கு வருகிற அளவில் இருந்தது. எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்று பின்னர் கேட்டால், உண்மையைவிட அதிகமாகச் சொல்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. 2021 அக்டோபர் முதல், போட்டதற்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பி வந்தால் மேளம் கொட்டக் கூடாது என்று விதி போட்டார்கள். தானாகச் சுற்றும் வசதிக்கும், தட்டி நிறுத்தி வேகம் கூட்டுவதற்கும் தடை. ஒரு சுற்று குறைந்தது இரண்டரை விநாடி நீடிக்க வேண்டும். 2025-ல் ஒரு சுற்றுக்கான பந்தயத்துக்கும் வரம்பு வந்தது: 25 வயது ஆனவர்களுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 2 பவுண்டு.

விநாடியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் மதிப்பீட்டில் அதுதான் மிக முக்கியமான எண். வேகம் கூடக் கூட மணிக்கு ஓடும் பணம் கூடுகிறது. இரண்டரை விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 1,440 சுற்று. நம் காட்டு விளையாட்டில் சராசரி நஷ்டம் 330-லிருந்து 792-க்குப் போய்விடும், விகிதம் ஒரு காசு மாறாமல். எளிய விளையாட்டுகள் இங்கேதான் ஆபத்தானவை. போனஸ் சுற்று, கதை, இலவசச் சுற்று என்று இடையில் நிற்க ஒன்றும் இல்லை. தட்டு, பார், தட்டு. “ரொம்ப சிம்பிள் கேம் சித்தி, ஒரே பட்டன்தான்” என்று அக்கா மகன் பெருமையாகச் சொன்னபோது நான் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான். அவன் விரல் நான்கு விநாடிக்கு ஒருமுறை விழுந்தது. நடத்தையியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் கண்டதும் இதையே. எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால்தான் பறவை விடாமல் கொத்துகிறது.

படத்துக்கு வருகிறேன். சிரிக்கிற குரங்கும் பெரிய கண் கொண்ட புலிக்குட்டியும் யாருக்கு வரைந்தவை? 2017 அக்டோபரில் பிரிட்டனின் சூதாட்ட ஆணையமும் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புகளும் சேர்ந்து தளங்களுக்குக் கடிதம் எழுதின. குழந்தைகளைக் கவரும் கேலிச்சித்திரங்களையும் பெயர்களையும் விளம்பரத்திலிருந்து உடனே எடுங்கள் என்று. எங்கள் அலுவலகத்தில் ஓவியம் வரைகிறவர்கள் நல்ல கலைஞர்கள், வன்மம் இல்லாதவர்கள். ஆனாலும் காட்டு விலங்கு என்றால் பொம்மை மாதிரி வரைவது கைப்பழக்கமாகிவிட்டது. நான் பார்த்த வரைக்கும், அக்கா மகன் காட்டிய விளையாட்டின் குரங்கை நாலு வயதுப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் ஒட்டலாம்.

மேலே சொன்ன விதி, சோதனை, வரம்பு எதுவும் அவன் போனில் இருந்ததற்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி இது போன்ற அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்குத் தடை உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் விடுவித்தபோதும் அதிர்ஷ்ட விளையாட்டுக்கான தடை நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதையும் குற்றமாக்கியது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்த மத்தியச் சட்டத்தில் விளையாடியவருக்குத் தண்டனை இல்லை; தமிழ்நாட்டுச் சட்டத்தில் உண்டு. பயந்துபோய் வீட்டில் மறைக்கிறவர்கள் அதிகம். விட முடியாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பெங்களூர் நிம்ஹான்ஸில் ‘ஷட்’ என்ற பெயரில், தொழில்நுட்பப் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கான ஒரு மருத்துவப் பிரிவும் இருக்கிறது.

அவன் காட்டிய செயலி டெலிகிராமில் வந்த இணைப்பில் இறங்கியது. விதிகள் பக்கத்தில் 96 என்ற எண் இருந்தது. யார் சோதித்தார்கள், எந்த நாட்டு உரிமம், நிறுவனத்தின் முகவரி எது என்று எதுவும் இல்லை. 96 என்று எழுத யாராலும் முடியும். அதனால் வேறு வழியில் மதிப்பிடலாம் என்றேன். “பேங்க் ஸ்டேட்மென்ட் எடுடா, போட்டது ஒரு பக்கம், எடுத்தது ஒரு பக்கம் எழுது.”

அவன் தயங்கித்தான் எழுதினான். போட்டது 23,500 ரூபாய். எடுத்தது 7,000. நூற்றுக்கு முப்பதுகூட இல்லை.

“அப்ப தொண்ணூத்தாறுன்னு போட்டது பொய்யா?”

பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். போனது 16,500. நூற்றுக்கு நான்கு வீதம் 16,500 போக வேண்டுமானால் சராசரிக் கணக்கில் 4,12,500 ரூபாய் சுற்றியிருக்க வேண்டும். அவன் போட்ட பணத்தைப் போலப் பதினேழரை மடங்கு. 10 ரூபாய்ச் சுற்று என்றால் 41,250 சுற்று. அவன் விரல் வேகத்தில் 46 மணி நேரம். ஆறேழு மாத இரவுகளில், ஷிஃப்ட் முடிந்து படுக்கையில் கிடந்தபடி, இது நடக்கக்கூடியதே. அவ்வளவு ஆடவில்லை என்றால் ஒன்று அதிர்ஷ்டம் மோசம், இல்லையென்றால் அந்த 96 பொய். எது என்று பிரிக்க அவன் மொத்தம் எவ்வளவு சுற்றினான் என்ற கணக்கு வேண்டும். பிரிட்டனில் விளையாடியவர் தன் பழைய கணக்கைப் பார்க்க வழிசெய்து தர வேண்டும் என்பது விதி. இந்தச் செயலியின் உதவிப் பக்கத்தில் அவன் அன்று இரவே அந்தக் கணக்கைக் கேட்டு எழுதினான். பதிலாக வந்தது, மறுபடி பணம் போட்டால் 50 இலவசச் சுற்று தருகிறோம் என்ற செய்தி.